ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, எனக்கு ஒதுக்கப்பட்டது. சிங்கப்பூர் எல்லைக்கு அருகே, ஸ்கூடாயில் ஒரு ஹோட்டலின் இரண்டாம் மாடியில் நடக்கவிருக்கும் கருத்தரங்கின் சிறப்பு மலரில், நாற்பத்தொன்றாம் பக்கத்திலிருந்து நான்கு பக்கங்கள் காலியாக இருந்தன. அந்தப் பள்ளத்தை மூடக் கூப்பிட்ட ஆள் நான்.

கருத்தரங்கின் தலைப்பு: 'வளரும் நாடுகளின் பொருளாதாரத்தில் ஆயுத மோதல்கள் ஏற்படுத்தும் தாக்கங்கள்: ஒரு பன்முகப் பார்வை'. பன்முகம் என்றால் ஆறு முகம். ஆறும் மலரின் அட்டையிலேயே கோட்டு சூட்டோடு இருக்கின்றன.

செயலாளர் சிவகணேசன் ஓய்வுபெற்ற அரசாங்கப் பல் மருத்துவர். எதிரே இருப்பவர் வாயைத் திறந்தாலே எதையாவது பிடுங்கவேண்டும் என்று இன்னமும் அவருக்குக் கை பரபரக்கும். தொலைபேசியில் சொன்னார்:

"கட்டுரை பதினொண்ணு வந்திருக்கு. படிக்கிறவங்க நடுவுல மூச்சு விடணும் இல்லையா, அதுக்கு ஒரு கதை. சோகமா இருக்கலாம். கசப்பு மட்டும் வேண்டாம். எதிர்ப்பக்கம் விளம்பரம்."

"யார் விளம்பரம் டாக்டர்?"

"உரக் கம்பெனி. அப்புறம், கதையில ஒரு சின்னப் பொண்ணும் இடிஞ்ச சுவரும் இருக்கணும்."

"ஏன்?"

"படம் வரைஞ்சாச்சு."

2

முதல் தொடக்கம்:

'குண்டு விழுந்தபோது அந்தச் சிறுமி சுவரின் நிழலில் —'

(நிறுத்திவிட்டேன். நான் யோங் பெங்கில் குடியிருப்பவன். மேலேயிருந்து விழுந்து நான் கேட்ட ஆகப் பெரிய சத்தம், எண்ணெய் எடுக்கும் செம்பனையின் குலை விழும் சத்தம். இருபது கிலோ. தலையில் விழுந்தால் அதுவும் போதும்தான், ஆனால் அதற்கு யாரும் கருத்தரங்கு நடத்துவதில்லை.)

இரண்டாம் தொடக்கம்:

'இன்றைய உலகப் பொருளாதாரம் ஒரு சங்கிலி. அதில் ஒரு கண்ணி அறுந்தால் —'

(பதினொரு கட்டுரைகளும் இப்படித்தான் தொடங்குகின்றன. அந்தச் சங்கிலி இதற்கு மேல் தாங்காது.)

மூன்றாம் தொடக்கம்:

'சாஆவில் லெட்சுமணனின் செம்பனை மட்டைகள் பழுப்பேறத் தொடங்கின.'

(சாஆ எனக்குப் பக்கத்து ஊர். சிறுமி இல்லை, சுவர் இல்லை, சங்கிலி இல்லை. இது நிற்கட்டும்.)

3

லெட்சுமணனின் கதை என்னிடம் சோகமாக வந்து சேரவில்லை; பெருமையாக வந்தது. சொன்னவர் மகேஸ்வரன். சாஆ ஒட்டுக்கடையில் தே தாரிக், நுரைக்க ஆற்றிய பால் தேநீர், குடித்தபடி சொன்னார்.

மகேஸ்வரன் பழைய தோட்டத்துக் கிராணி, கணக்கெழுதியவர். தோட்டம் போய்விட்டது, கிராணி போகவில்லை. ஊரில் யார் எந்தப் பாரத்தை, அதாவது படிவத்தை, நிரப்ப வேண்டுமானாலும் அவரிடம்தான் வரவேண்டும். மிச்ச நேரத்தில் அவர் போர் நிபுணர். வாட்சாப்பில் நான்கு குழுக்கள். ஒன்றில் ரஷ்யா வெல்கிறது. இன்னொன்றில் உக்ரேன் வெல்கிறது. மூன்றாவதில் தங்கம் விலை ஏறுகிறது. நான்காவது கோயில் திருப்பணிக் குழு. சண்டை அங்கேதான் கடுமை.

"ஒரே சொல்லுதான் தம்பி எழுதுனேன். ஒரே சொல்லு! ஆபீசரே காடி எடுத்துக்கிட்டு லெட்சு நெலத்துக்கு வந்துட்டாங்கலா!"

"என்னா சொல்லு?"

"பெராங்."

மலாயில் பெராங் என்றால் போர்.

நடந்தது இதுதான். விளைச்சல் விழுந்துபோன சிறுதோட்டக்காரர்களுக்கு ஓர் அலுவலகம் உதவி தருகிறது என்று கேள்விப்பட்டு, லெட்சுமணன் பாரம் வாங்கிக்கொண்டு கிராணியிடம் வந்தார். பாரத்தில் ஒரு தீப்பெட்டி அளவுக்குக் கட்டம்: 'விளைச்சல் குறைந்ததற்குக் காரணம்'. லெட்சுமணன் நீளமாகச் சொன்னார். எங்கேயோ சண்டை வந்தது, பாஜா விலை மூன்று மடங்கு ஏறியது, இரண்டு வருசமாக ஒரு மூட்டை சிவப்புப் பாஜாகூட வாங்க முடியவில்லை, மரம் பசியில் நிற்கிறது, இதையெல்லாம் எழுதுங்கள் கிராணி.

(பாஜா என்றால் உரம். சிவப்புப் பாஜா பொட்டாஷ். மிளகாய்த்தூள் கலந்த கல்லுப்பைப் போல இருக்கும். அது நம் மண்ணில் இல்லை, கப்பலில் வரவேண்டும். அதை வெட்டியெடுக்கும் பெரிய சுரங்கங்கள் சில, சண்டை நடக்கும் பக்கமாகப் போய் அமைந்துவிட்டன. இதைச் சொல்லக் கட்டுரைகள் ஏழு பக்கம் எடுத்துக்கொள்கின்றன, வரைபடமும் உண்டு.)

கிராணி கையமர்த்தினார். "நீட்டி எழுதுனா பொய்யின்னு நெனைப்பான் லெட்சு. ஆபீசருக்கு நேரம் ஏது? ஒரு சொல்லு. அது நெஞ்சில போயி நிக்கணும்."

பேனாவின் மூடியைக் கழற்றி, 'பி'யின் காலைக் கட்டத்துக்கு வெளியே வரை இழுத்து, ரோமன் எழுத்தில் எழுதினார். ஒரே சொல். கிராணி எழுத்து அத்தனை அழகு. அழகாக எழுதிய சொல்லை யாரும் திரும்பப் படித்துப் பார்ப்பதில்லை.

கிராணிக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மிச்சத்தை லெட்சுமணன் சொன்னார்.

4

இப்போது லெட்சுமணனை நான் உங்களுக்கு அறிமுகம் செய்துவைக்க வேண்டும். இதில் எனக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. அதைச் சற்றுப் பொறுத்துச் சொல்கிறேன்.

வயது ஐம்பத்தொன்பது. வேலைசெய்த தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது கிடைத்த இழப்பீடு, சேமநிதிப் பணம், மனைவி கிருஷ்ணம்மாவின் நான்கு வளையல் எல்லாவற்றையும் போட்டு வாங்கிய நாலு ஏக்கர். இருநூற்றுப் பதினெட்டு செம்பனைகள். பதினான்கு வயது, மரத்துக்கு அது வாலிபம். 'அவர் ஒவ்வொரு மரத்தையும் தன் பிள்ளையைப் போல —'

(அடித்துவிட்டேன். அவருக்குப் பிள்ளை இருக்கிறாள். தேன்மொழி ஸ்கூடாயில் அறை எடுத்துத் தங்கி தினமும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வருகிறாள். அவள் சொல்வது ஒன்றுதான்: "வித்துட்டு வந்துருங்கப்பா." அவர் சொல்வதும் ஒன்றுதான்: "வித்துட்டு அங்க வந்து ஒன் ரூம்புக்கு ஜாகாவா, காவலுக்கு நிக்கவா?")

இனிச் சங்கடம். லெட்சுமணன் வீட்டில் இரண்டு கதவு பிரிஜ் ஒன்று இருக்கிறது.

சண்டை தொடங்கிய மாதங்களில் சூரியகாந்தி எண்ணெய்க் கப்பல்கள் துறைமுகத்தில் நின்றுவிட்டன. உலகம் முழுக்க வாணலியைத் தூக்கிக்கொண்டு செம்பனை எண்ணெயைத் தேடியது. பழம் அதுவரை காணாத விலைக்குப் போனது. லெட்சுமணன் அந்த விலையில் ஆலைக்குக் குலை போட்டார். பிரிஜ் வாங்கினார். கிருஷ்ணம்மாதான் அதற்குப் பெயர் வைத்தார்.

"சண்டை பிரிஜ்ல மோரு இருக்கு, எடுத்துக் குடிங்க."

அதோடு விட்டிருக்கலாம். ஒரு வெள்ளிக்கிழமை கோயிலில் அர்ச்சனைத் தட்டை நீட்டினார். குருக்கள் யார் பெயருக்கு என்று கேட்டார். குடும்பத்தின் பெயருக்கு என்று சொன்னார். பெயர், ராசி, நட்சத்திரம் எல்லாம் ஒழுங்காக ஒப்பித்தார். மனதுக்குள் மட்டும் வேறொன்று கேட்டார்: இந்த விலை இப்படியே நிற்கவேண்டும். விலை நிற்கவேண்டுமென்றால் எது நிற்கக்கூடாது என்று அவருக்குத் தெரியும். சாமிக்கும் தெரியும். குருக்களுக்கு மட்டும் தெரியாது.

ஆறு மாதம்கூட ஆகவில்லை, பழத்தின் விலை லிஃப்டில் இறங்கியது. பாஜா விலையோ படிக்கட்டில் இறங்கியது, படிக்குப் படி உட்கார்ந்து இளைப்பாறிக்கொண்டு. அது ஒருவழியாகத் தரைக்கு வந்து சேர்ந்தபோது, பாஜா காணாத மரத்தில் குலை பாதியாகிவிட்டது; இறங்கிய விலைக்கு வாங்கவும் கையில் காசு இல்லை. கீழ் மட்டைகளின் ஓரம் கருகி, பழுப்பு உள்ளே பரவியது.

இப்படிப்பட்டவருக்காக நீங்கள் வருத்தப்படுவீர்களா? எனக்குத் தெரியவில்லை. ஆனால் பிரிஜ்ஜை ஒளித்துவைத்துவிட்டு உங்களிடம் வருத்தம் வாங்குவது கிராணி பாரம் நிரப்புவதுபோல ஆகிவிடும்.

5

வந்த அதிகாரி இளம்பெண். நல்ல பெண். சப்பாத்தில் சேறு ஒட்டுவதைப் பற்றிக் கவலைப்படாமல் மரத்தடிவரை வந்தார். பேச்செல்லாம் மலாயில் நடந்தது. நான் தமிழில் தருகிறேன். ஒரு சொல்லை மட்டும் அப்படியே விடுகிறேன்.

"எவ்வளவு நாளா பேராங், பாக்சிக்?" என்றார். பாக்சிக் என்றால் மாமா, பெரியவர்.

சொல் காதில் சற்று நீளமாக விழுந்தது. படித்த பிள்ளைகள் இப்படித்தான் உச்சரிப்பார்கள்போல என்று லெட்சுமணன் நினைத்துக்கொண்டார்.

"ரெண்டு வருசத்துக்கு மேல ஆச்சு. சீக்கிரம் முடிஞ்சிரும்னுதான் எல்லாரும் சொன்னாங்க."

"மொதல்ல ஓரத்துல தொடங்கியிருக்குமே?"

"ஆமா ஆமா, ஓரத்துலதான். அப்புறம் உள்ள பூந்துருச்சு."

"பரவுதா?"

"பரவும்னுதான் பேசிக்கிறாங்க. நம்மளால என்னா செய்ய முடியும்?"

அதிகாரி அனுதாபத்துடன் தலையாட்டி, குறித்துக்கொண்டார். நீளக்கம்பு அரிவாளால், சோதனைக்கு வழக்கமாக எடுக்கும் பதினேழாவது மட்டையை வெட்டி இறக்கச் சொல்லி, அதன் நடுவிலிருந்து இலை கிள்ளிப் பையில் போட்டார். பிறகு கேட்டார்:

"மருந்து ஏதும் அடிச்சீங்களா?"

லெட்சுமணனுக்கு அங்கேதான் இடித்தது. "எதுக்கு மருந்து?"

"இந்தப் பேராங்குக்கு."

"பெராங்குக்கு மருந்தா?"

அதிகாரி சிரித்துவிட்டார். அன்பான சிரிப்பு, பெரியவர்களின் உச்சரிப்பைத் திருத்தும்போது வருவது. "பெராங் இல்ல பாக்சிக், பேராங். பேராங்னா இந்தக் கலரு." கருகிய மட்டையைத் தூக்கிக் காட்டினார். "பெராங்னா இது." இரண்டு விரலைத் துப்பாக்கியாக நீட்டி, வாயால் 'தும் தும்' என்றார்.

மலாயில் போருக்கும் பழுப்பு நிறத்துக்கும் எழுத்து ஒன்றுதான். கிராணியின் அந்த அழகான ஒற்றைச் சொல்லை அலுவலகத்தில் 'பழுப்பு' என்று படித்திருக்கிறார்கள். செம்பனைக்காரன் பாரத்தில் வேறு எப்படிப் படிப்பார்கள்? பழுப்பு என்றால் நோய். நோய் என்றால் வேறு பிரிவு, வேறு ஒதுக்கீடு, கார் போட்டுவந்து பார்க்கும் ஆள்.

லெட்சுமணன் ஏதோ பேச்சுக்குக் கேட்பதுபோலக் கேட்டார்: "ஒருவேள பெராங்னு எழுதியிருந்தா?"

"அப்ப அது தப்பான பாரம். திருப்பி அனுப்பிருவாங்க. அதுக்கெல்லாம் எங்ககிட்ட பிரிவு இல்ல பாக்சிக்."

பிறகு நல்ல செய்தியைச் சொன்னார். நோய்ப் பிரிவில் மரங்களை அலுவலகமே வெட்டிக் கொடுக்கும். புது நாற்று இலவசம். கையில் ஒரு தொகை, ஒரே தடவை. நாற்றுக்கு இரண்டு வருடப் பாஜாவும் இலவசம்.

"பாஜா உண்டா?" லெட்சுமணனுக்குக் குரல் எழும்பிவிட்டது. "சிவப்பும் உண்டா?"

"எல்லாம் உண்டு."

"அத இப்ப நிக்கிற மரத்துக்குக் கொடுத்தா போதுமே. பச்சையாயிரும். இதுக்குச் சீக்கு இல்லம்மா, பசிதான்."

"நிக்கிற மரத்துக்கு எப்படி? அததான் வெட்டிடறோமே, பாக்சிக்."

இலைச் சோதனைக்கு எட்டு மாதம் ஆகும். ஒதுக்கீடு வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. ஆகவே சோதனை முடிவு வேண்டாம், கண்ணால் பார்த்ததே போதும். ஒன்றே ஒன்றுதான் பாக்கி. அலுவலகத்தில் மேலே இருப்பவர் துல்லியம் பார்ப்பவர். அகராதியில் பழுப்பைக் குறிக்கும்போது அந்த ரோமன் 'e' எழுத்தின் தலையில் சின்னக் கோடு ஒன்று போடுவார்கள். அதே கோட்டைப் பாரத்தில் போட்டு, பக்கத்தில் லெட்சுமணன் கையெழுத்து வைக்கவேண்டும். அதற்காகப் பாரத்தை அவரிடமே கொடுத்துவிட்டுப் போனார்.

கோடு போட்டால் இருநூற்றுப் பதினெட்டு மரமும் சாயும். புது மரம் காய்க்கும்போது லெட்சுமணனுக்கு அறுபத்துமூன்று. நடுவில் சாப்பிட என்ன வழி என்று பாரத்தில் கட்டம் இல்லை. கோடு போடாவிட்டால் மரம் நிற்கும், பசியோடு, அடுத்த வருடம் இன்னும் சிறிய குலையோடு.

6

இதுவரை எழுதியதைச் சிவகணேசனுக்கு அனுப்பினேன். அன்றே கூப்பிட்டார்.

"நல்லா இருக்கு. பிரிட்ஜை எடுத்துடுங்க."

"ஏன் டாக்டர்?"

"பாதிக்கப்பட்டவர் வீட்டுல ரெண்டு கதவு பிரிட்ஜ் என்னத்துக்கு? ஒரு கதவாவது ஆக்குங்க. அர்ச்சனையையும் எடுத்துடுங்க, கோயில் தலைவர் முன்வரிசையில இருக்கார்."

"வேற?"

"வேற என்ன... இதுல போர் எங்க இருக்கு? மரம்தான் இருக்கு. உரம் கிடைக்கலைங்கிறதெல்லாம் ஒரு —"

அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. நான்தான் முடிக்காமல் விட்டேன் என்று நினைக்காதீர்கள். பிறகு வந்த குரலும் பேச்சும் வேறு; அவர் அப்பா வீட்டில் பேசியதாக இருக்கவேண்டும்.

"எங்கட சின்னம்மா ஒராள் பரந்தனில வயல் செய்தவ. சண்டை நேரம் அங்க யூரியாவுக்குத் தடை. குண்டு செய்வினமாம். பற்றரி, சவுக்காரம், பசளை, எல்லாம் ஒரே பட்டியல். மூண்டு போகம் பசளையில்லாமல் விதைச்சவ. நெல்லு முழங்காலுக்குத்தான் வந்தது எண்டு கடிதம் போட்டவ. அப்பா அந்தக் கடிதத்தை எங்களுக்கு வாசிச்சுக் காட்டேல்ல. அவர் போனாப் பிறகு மேசை லாச்சியில கிடந்தது."

"இதையே எழுதுங்க டாக்டர். நாலு பக்கத்தையும் நீங்களே எடுத்துக்குங்க."

"மலர்லயா? அது அரசியல்." பல் மருத்துவர் திரும்ப வந்துவிட்டார். "வெள்ளிக்கிழமைக்குள்ள கதை கைக்கு வரணும். முடிவு பாசிட்டிவா இருக்கட்டும்."

லெட்சுமணனுக்கும் வெள்ளிக்கிழமை. எனக்கும் வெள்ளிக்கிழமை.

7

மலாயில் எழுதுகிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள். போரா பழுப்பா என்று சொல்லாமலே அந்தச் சொல்லை எழுதிவிட்டுப் போகலாம், படிக்கிறவர் பாடு. தமிழில் எழுதுகிறவனுக்கு அந்த ஒதுங்கிடம் கிடையாது. 'பெ' என்றால் ஒற்றைக் கொம்பு, போர். 'பே' என்றால் இரட்டைக் கொம்பு, பழுப்பு. எழுதும் ஒவ்வொரு தடவையும் நான் ஒரு பக்கம் சேர்ந்துவிடுகிறேன். இந்தக் கதையில் அந்தச் சொல் எத்தனை முறை வந்ததோ அத்தனை முறை லெட்சுமணனுக்கு முன்னால் நான் தீர்ப்பு எழுதியிருக்கிறேன்.

(ஓலையில் எழுதிய காலத்தில் நமக்கும் பெரும்பாலும் இந்த வேறுபாடு கிடையாதாம். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே கொம்பைப் போட்டுவிட்டு, இடம் பார்த்துப் படித்துக்கொள் என்று விட்டுவிடுவார்களாம். பிறகு நம் வசதிக்காகத் திருத்தினார்கள். லெட்சுமணன் விவகாரமும் ஓலையில்தான் தொடங்கியது. அதைப் பழைய ஓலைக்காரர்களிடமே விட்டிருந்தால் தேவலை.)

8

முடிவுகள் தயார் செய்தேன்.

அ. கோடு போடுகிறார். மரங்கள் சாய்கின்றன, நாற்றுகள் இறங்குகின்றன. கடைசி வரி: 'மண்ணைக் கீறிக்கொண்டு ஒரு பசுந்தளிர் தலைநீட்டியது.' எதிர்ப்பக்க விளம்பரத்திலும் இரண்டு கைகளுக்கு நடுவே ஒரு பசுந்தளிர் இருக்கிறது. பக்கம் பொருத்தமாக அமையும். சிவகணேசன் மகிழ்வார்.

ஆ. கோடு போடவில்லை. 'தவறான பாரம்' என்ற முத்திரையோடு மனு திரும்பி வருகிறது. பக்கத்து நிலத்துக்காரர் வேலியோரம் காரை நிறுத்தி, "எப்ப வேணும்னாலும் சொல்லு லெட்சு, ஒனக்காக நான் வாங்கிக்கிறேன்" என்கிறார். அப்படிச் சொல்வதற்காக அவர் இரண்டு வருடம் பொறுமையாகக் காத்திருந்தார்.

இ. நாளைக் காலை சண்டை நின்றுவிடுகிறது. ஆறு முகங்களும் வரவேற்று அறிக்கை விடுகின்றன. மரத்துக்குச் செய்தி போய்ச் சேர இரண்டு வருடம் ஆகும்.

ஈ. கதைக்குச் சன்மானம் உண்டு என்று சொன்னேனா? சொல்லவில்லை. விளம்பரம் கொடுத்த கம்பெனியின் ஐந்து கிலோ உரப்பை, ரிப்பன் கட்டி. அதை நான் லெட்சுமணனிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். ஐந்து கிலோ ஒரு மரத்துக்கு ஒரு வருடம் வரும். எழுத்தால் சமுதாயத்துக்கு என்ன பயன் என்று இனி யாராவது மேடையில் கேட்டால் என்னிடம் புள்ளிவிவரம் இருக்கிறது: இருநூற்றுப் பதினெட்டில் ஒன்று.

நான்கும் நன்றாகவே இருக்கின்றன. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

9

வியாழக்கிழமை பிற்பகல். பாரம் சண்டை பிரிஜ்ஜின் கதவில், காந்தத்துக்கு அடியில் இருந்தது. கிராணி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்திருந்தார். இதற்குள் அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அரைமணி நேரம்தான் வாடியிருந்தார்.

"அலமாக், இது நல்லதுக்குத்தான் லெட்சு! நான் எழுதுன சொல்ல மாத்தவே வேணாம். ஒரு கோடு. போட்டு வுடுலா."

"நீங்க என்னா நெனச்சு எழுதுனீங்க கிராணி?"

"சண்டன்னு நெனச்சுத்தான்."

"அப்ப கோடு போட்டா பொய்யில்ல?"

"எப்படிப் பொய்யாவும்? மட்ட பழுத்துத்தானே நிக்கிது. வந்து பாத்தாங்கல்ல? கண்ணால பாத்தது எப்படிப் பொய்யாவும்?"

"பசியில வெளுத்துப் போனவன சீக்காளின்னு சொல்லிப் பொதச்சுட்டு, அவன் எடத்துல ஒரு புள்ளய வச்சி அதுக்குச் சோறு போடுறேங்கிறாங்க. பொதைக்க நான் கையெழுத்துப் போடணும்."

"கவித மாதிரி பேசாத லெட்சு. நாளைக்கு நாலு மணிக்கு ஆபீசு சாத்திருவான்."

அடுக்களையிலிருந்து கிருஷ்ணம்மா, திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "கோயில்ல கேக்கிறப்ப யோசிச்சிருக்கணும்."

"என்னா கேட்டேன்?"

"நான் பக்கத்துலதானே நின்னேன். ஒங்க ஒதடு அசஞ்சிச்சு."

கிராணி பேச்சுத் துணைக்கு வராமல் முதல்முறையாகத் தன் கைப்பேசியைப் பார்த்தார்.

"அங்க சண்ட நிக்கக்கூடாதுன்னு கேட்டீங்க. அப்புறம் சண்டையினால கெட்டேன்னு எழுதிக் குடுத்தீங்க. இப்ப சண்டையே இல்ல, சீக்குன்னு சொல்லப் போறீங்க. மூணையும் கேட்டுக்கிட்டு எவன் ஒதவி செய்வான்?" கிருஷ்ணம்மா குரலை இறக்கி, "நானும்தான் அந்தப் பிரிஜ்ல தண்ணி குடிக்கிறேன்," என்றார்.

லெட்சுமணன் எழுந்து காந்தத்தை நகர்த்திப் பாரத்தை எடுத்தார். பிரிஜ் உள்ளுக்குள் ஒருமுறை உறுமிவிட்டு ஓடத் தொடங்கியது. கிராணி தன் பேனாவின் மூடியைக் கழற்றிக் கொடுத்தார். சன்னலுக்கு வெளியே முதல் வரிசை மரங்கள் தெரிந்தன. மேல் மட்டைகள் இன்னும் பச்சை. கீழ் மட்டைகள் உங்களுக்குத் தெரியும்.

அவர் பேனாவின் முனையை அந்த எழுத்தின் தலைக்கு மேலே கொண்டுபோனார். முனை தாளைத் தொடவில்லை.

இதற்கு மேல் என்னால் தமிழில் எழுத முடியாது. எழுதினால் கொம்பு போட்டாகவேண்டும். கொம்பு 'ப'வுக்கு முன்னால் வரும். அந்த இடத்தை மட்டும் விட்டுவைக்கும்படி அச்சகத்தில் சொல்லியிருக்கிறேன். அச்சுப்பிழை என்று நினைத்து யாரும் திருத்தவேண்டாம். பேனா வைத்திருப்பவர்கள் போட்டுக்கொள்ளலாம். போடுமுன், சண்டை தொடங்கிய அந்த மாதங்களில் உங்கள் வீட்டில் எது விலை ஏறியது, எது விலை ஏறியதில் உங்களுக்கு உள்ளூர மகிழ்ச்சி என்று ஒருமுறை நினைத்துப் பாருங்கள். பிறகு ஒற்றையோ இரட்டையோ, உங்கள் இஷ்டம். மரம் உங்களுடையது இல்லை.

"என்னாங்க," என்றார் கிருஷ்ணம்மா, "இன்னுமா ஒரு கோடு போடுறீங்க?"

விளைச்சல் குறைந்ததற்குக் காரணம்: [    ] பராங்